அக்கா விரித்த பாதிக் கம்பளம்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவில் எங்களோடு கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொன்னீர்கள். அவரோடு கடைசிவரை இருந்தவள் நான், மறுக்க முடியவில்லை. ஆனால் இந்த ஒரு வருடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. செத்தவீட்டிலும் வரவில்லை. சிலர் அதைக் கவனித்திருப்பீர்கள். ஆகையால் நடந்தவற்றை நடந்தபடி எழுதுகிறேன். அதற்குமேல் எழுத எனக்கு இப்போது ஏலாது.

அக்கா திருகோணமலையில், உட்துறைமுக வீதியை ஒட்டிய ஒழுங்கையில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கியவர். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பத்து. அன்றிலிருந்து எனக்குத் தலை வாரி இழுத்தவரும், பள்ளிக்கூடத்துக்கு வந்து ரீச்சரோடு கதைத்தவரும் அவர்தான். படிப்பை நிறுத்தித் தட்டச்சுப் பழகி, துறைமுகத்து அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் அத்தானைக் கண்டார். அத்தான் கப்பல்களை இழுத்துவரும் படகில் இயந்திரம் பார்த்தவர்.

நாட்டைவிட்டுப் போன ஒரு தோட்டத்துரையிடமிருந்து அத்தான் வாங்கியதுதான் அந்த வெள்ளை ஏ-40 கார். அப்போதே அது பழையது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் கலியாணம் செய்யவில்லை. மூன்று பேரும் ஒரு காரும் என்று ஒரே வளவில் இருந்தோம். பிரச்சினைக் காலத்தில் நாங்கள் அகதி முகாமுக்குப் போனபோது, காரைப் பாதையில் ஏற்றிக் கடல் கடத்தி, கிண்ணியாவில் கராஜ் வைத்திருந்த ஹனிபா நானாவிடம் விட்டோம். அந்த நாளில் அங்கே பாலம் இல்லை. வாகனம் ஏற்றும் மிதவையைத்தான் பாதை என்போம். மூன்று வருடம் கழித்துப் போனபோது, நானா ஓலைக்கடியில் மறைத்து வைத்திருந்த காரை வெளியே தள்ளிக் காட்டினார். ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

எங்கள் பகுதிப் பெண்பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் காரில்தான் மணவறைக்குப் போனார்கள். அத்தான்தான் ஓட்டுவார். அவர் இறந்த பிறகு அக்காவே காரை ஓட்டினார். அத்தான் அவருக்கு எப்போதோ பழக்கியிருந்தார். சந்தைக்கும் கோயிலுக்கும் கிளினிக்குக்கும் அதில்தான் போவோம். ஆனால் கலியாண வீட்டுக்காரர் கேட்கும் விதம் மாறிவிட்டது. "கார் வேணும், ஓடுறதுக்கு நாங்கள் ஆள் அனுப்புறம்" என்பார்கள். கணவனை இழந்தவர் கலியாணப் பொம்பிளையை ஏற்றிக்கொண்டு போவதா என்ற எண்ணந்தான். அக்கா கார்த் திறப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார்.

சென்ற ஆண்டு எங்கள் ஒழுங்கைத் தர்ஷினிக்குக் கலியாணம் பேசினார்கள். அவள் உயர்தரச் சோதனை எழுதிய நாட்களில் விடாத மழை. ஒவ்வொரு நாளும் அக்காதான் காரில் கொண்டுபோய் இறக்கினார். அவள் தாயையும் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"அன்ரி, என்ர கலியாணத்துக்கு உங்கட கார் வேணும். நீங்கள்தான் ஓட வேணும்."

தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய இந்த எண்ணம் முன்பே மாப்பிள்ளையின் பெரியப்பாவின் காதில் விழுந்து, "பொம்பிளையை ஏத்திக்கொண்டு வர ஊரில வேற ஆளில்லையோ?" என்று கேட்டிருக்கிறார். தாய் அதைத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"பாவம், அவையளோட ஏன் பிரச்சினை? நான் காரைத் தாறன், ஓடுறதுக்கு ஒருத்தரைப் பாருங்கோ" என்றார் அக்கா.

"அப்ப எனக்குக் கார் வேண்டாம். நான் நடந்து போறன்" என்றாள் தர்ஷினி.

அக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது. அவர்கள் போனதும் காருக்குள் தலையை விட்டு மணந்து பார்த்தார். முன்கண்ணாடி ரப்பரால் மழைநீர் இறங்கி, கம்பளம் ஊறிப்போய்ச் சாக்கு மணம் மணத்தது.

"பொம்பிளை கால் வைக்கிற இடம். இப்பிடிக் கிடக்கக் கூடாது. எல்லாத்தையும் கழட்டிப் புதுசாப் போடுவம்."

"நானாட்டைக் குடுத்தாச் செய்வார்தானே அக்கா?"

"அந்த மனுசனுக்கு முழங்கால் ஏலாது. குனிஞ்சு சுரண்டச் சொல்லிக் கேக்கிறதோ? நீயும் நானும் செய்வம்."

ஆசனங்களைக் கழற்றி விறாந்தையில் வைத்தோம். கம்பளத்தைத் தூக்கியபோது அதன்கீழ் இருந்த சணல் விரிப்பு தேநீரில் ஊறின பாண்போலப் பிய்ந்து வந்தது. அதற்கும் கீழே தகரத்தில் ஒட்டியிருந்த தார்த் தகட்டை உளியால் சிறிது சிறிதாகப் பெயர்த்தோம். சாரதி கால் வைக்கும் இடத்தில் துரு தின்று, ஓட்டையால் முற்றத்து மண் தெரிந்தது. நானா வந்து தகரம் வெட்டி ஒட்டினார். கம்பித் தூரிகையால் தேய்த்து, துருப் பிடிக்காத சாம்பல் நிறப் பூச்சை அக்கா முழுத் தரைக்கும் பூசினார். அடிக்கடி நிறுத்தி மூச்சு வாங்குவார். "பூச்சு மணம் நெஞ்சை அடைக்குது" என்பார். நானும் நம்பினேன்.

பூச்சுக் காய்ந்ததும் சூட்டையும் சத்தத்தையும் தடுக்கும் வெள்ளித்தாள் பதித்த தகடு, அதன்மேல் புது விரிப்பு, அதன்மேல் கம்பளம். பழைய துண்டுகளைப் பேப்பரில் வைத்து வரைந்து, அந்த அளவுக்கு வெட்டினார். நடுவில் கியர்ப் பெட்டி மேடாக எழும் இடத்தில் கம்பளம் சுருங்கும். மூன்று தரம் உரித்து ஒட்டினார். நாலாம் தரம் படிந்தது. முன்பக்கம் முடிந்த அன்று, பின்னேரம், மண்ணெண்ணெயால் கையிலிருந்த பசையைக் கழுவிவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தார்.

"ஒரு பிளேன்ரீ தா."

நான் ஊற்றிக்கொண்டு திரும்பியபோது அக்காவின் தலை சுவரில் சாய்ந்திருந்தது. கூப்பிட்டேன். பிறகு கோப்பையை மேசையில் வைத்தேன், சிந்தவில்லை. அது ஏன் எனக்கு ஞாபகமிருக்கிறது என்று தெரியவில்லை.

அக்காவின் எட்டாம் நாள் கிரியையான எட்டுச் செலவு முடிந்து இரண்டு நாளில் தர்ஷினியின் தாய் என்னிடம் வந்து, "நாங்கள் வேற கார் பாக்கிறம், நீங்கள் யோசிக்காதேங்கோ" என்றார். செத்தவீட்டுக் கார் என்று மாப்பிள்ளை வீட்டில் கதை வந்திருக்கும். அன்றே தர்ஷினி தனியாக வந்தாள். முற்றத்தில் ஆசனமில்லாமல் நின்ற காரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"கார் வரும்தானே அன்ரி?"

"ஓம், வரும்" என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேனோ தெரியாது. வாய் சொன்னது.

அடுத்த நாள் அக்காவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு காரின் பின்பக்கத்தில் முழங்காலில் நின்றேன். ஒட்டுவதற்கு முன் தரையைத் துடைத்தேன். அப்போதுதான் கண்டேன். சாம்பல் பூச்சின்மேல் கறுப்புப் பேனையால் அக்காவின் எழுத்து. தட்டச்சுக்காரியின் கையெழுத்து, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

"சீற் பூட்டும் துளை. மூடிவிடாதே."

"இவ்விடத்தில் ஒட்டாதே. கீழே பிரேக் குழாய்."

கதவோரத்தில், "ஓரத்தைக் கடைசியில் வெட்டு. கத்தி இழுக்கும்போது விரலைப் பார்."

ஒரு முறை வாசித்தேன். இன்னொரு முறை வாசித்தேன். அக்கா தனக்கு எழுதவில்லை. அவருக்கு இதெல்லாம் தெரியும். நானாவுக்கும் எழுதவில்லை, நானாவை அவர் ஒருநாளும் "நீ" என்று சொன்னதில்லை. உலகத்தில் அக்கா "நீ" என்று சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் மிச்சம்.

உள்ளே போய் அலுமாரியில் அவருடைய கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். இதயத்துக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று நாலு மாதத்துக்கு முன்பே எழுதியிருந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வெளியே மர வாங்கில் இருந்து காத்திருந்தேன். "பிரஷர்தான், வேற ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவார். நான் உள்ளே போயிருக்க வேண்டும். அதைப்பற்றி இன்றுவரை எனக்குக் கோபம்கூட வரவில்லை. கொப்பியை மூடிவிட்டு வந்து, சொன்னபடியே ஒட்டினேன். துளைகளை மூடவில்லை. ஓரத்தைக் கடைசியில் வெட்டினேன். ஒன்பது நாள் எடுத்தது. என் பாதி அக்காவின் பாதிபோல இல்லை. இடது மூலையில் ஒரு மடிப்பு இருக்கிறது.

கலியாணத்தன்று நானா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, அக்காட இடத்தில நான் இருக்கேன். நீங்களும் முன்னுக்கு ஏறுங்க."

"செத்தவீட்டுக்காரி நான் வரக்கூடாது நானா."

பின்னாலிருந்து தர்ஷினி, "ஏறுங்கோ அன்ரி, நேரம் போகுது" என்றாள். பட்டுச்சீலையோடு வியர்த்திருந்தாள். ஏறினேன். புதுத் தகட்டாலும் விரிப்பாலும் கார் சத்தமில்லாமல் ஓடியது. அதற்குள் இருந்து கதைப்பது கேட்குமென்று எனக்கு அன்றுதான் தெரியும். கோயில் வாசலில் மாப்பிள்ளையின் பெரியப்பா நின்றார். காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வந்து பின்கதவைத் திறந்து, "பிள்ளை, சீலையைப் பாத்து இறங்கு" என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

அக்காவைத் தூக்கி வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடிய பக்கத்து வீட்டாருக்கும், எட்டு நாளும் எங்கள் அடுப்பு எரியாமல் சாப்பாடு தந்த ஒழுங்கை மக்களுக்கும், அந்தியேட்டிக் கிரியைகளுக்கு வெருகலிலிருந்து வந்து நின்ற எங்கள் மாமா பிள்ளைகளுக்கும், துயரில் துணை நின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. குடும்பம் என்று எழுதுகிறேன். அது இப்போது நான் மட்டுந்தான். ஹனிபா நானாவுக்கு நன்றி சொன்னால் கோபிப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பாலத்தால் வந்து எனக்குக் கார் பழக்குகிறார். கிளச்சை விடும்போது கார் இன்னும் துள்ளுகிறது.

வருகிற தையில் தர்ஷினியின் தங்கைக்குக் கலியாணம். காரை நான்தான் ஓட வேண்டுமாம். ஓம் என்று சொல்லியிருக்கிறேன்.