வெட்டி வெட்டி நடந்தவர்

கல்யாண மண்டபங்களில் பெரிய திரை போட்டு வீடியோ ஓட்டுவது என் தொழில். ஜார்ஜ் டவுனில் பாதி மண்டபத்துக்கு என்னைத் தெரியும். படிப்பு தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு சரி. மடிக்கணினியில் எந்தப் பட்டன் எங்கே என்று இடத்தை வைத்துத்தான் நினைவு.

அன்று மத்தியான விருந்து. ஆட்கள் வருமுன் ஓட்டிப் பார்த்தோம். கல்யாணப் பெண்ணின் அப்பா இறந்துபோனவர். பாடாங் கோத்தா கடலோரத்தில் சின்ன மகளைத் தோளில் வைத்து நடக்கிற வீடியோ. பெரிய திரையில் அவர் விக்கி விக்கி நடந்தார். தலை ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் வெட்டிக்கொண்டு போனது.

பெண்ணின் மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்னா தங்கச்சி, மச்சான் ரோபோ ஆயிட்டாரு?"

"பழைய வீடியோண்ணே. அப்படித்தான் இருக்கும்."

எல்லா வீட்டுக்கும் நான் சொல்வது அதுதான்.

பெண்ணின் அம்மா திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்ப வேணாம்லா, எடுத்துருங்க. சனங்க முன்னாடி அவர இப்படிக் காட்ட வேணாம்." பிறகு கைப்பேசியை நீட்டினார். "இதுல நல்லாத்தானே நடக்கறாரு?"

நடந்தார். அதே வீடியோ.

முகம் சுட்டது. கோளாறு என்னுடையது. நான் முழுத்திரையில் ஓட்டுவதே இல்லை. வீடியோ ஓடும் ஜன்னலை இழுத்துத் திரை அளவுக்கு விரித்துவிடுவேன். முழுத்திரைக்குப் போனால் திரும்பி வரத் தெரியாது என்று பயம்.

செட்டிங்ஸைத் திறந்தேன். எல்லாம் ஆங்கிலம்.

"அண்ணே, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"உங்க சாமான், நாந்தான் படிக்கணுமா?"

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுண்ணே."

நாற்காலி போடுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா சிரிப்பை நிறுத்தினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்து அர்த்தம் சொன்னார். முழுத்திரைக்கு ஒரு பட்டன். அதற்குக் கீழே ஒரு கட்டம்: திரை ஒரு படத்தைக் காட்டி முடிக்கிறவரை அடுத்ததை அனுப்பாமல் வைத்திருக்கும். அதில் டிக் இல்லை; பாதிப் படத்தின் மேல் அடுத்தது வந்து விழுந்திருக்கிறது. பட்டனை அழுத்தி, டிக்கும் போட்டேன்.

திரையில் பெண்ணின் அப்பா ஒரே சீராக நடந்தார். தோளில் மகள் கால் ஆட்டியதுகூடத் தெரிந்தது.

"இதுதான்லா அவரு நடை," என்றார் அம்மா. "விருந்துக்குப் போடுங்க. நல்லா பண்ணிட்டீங்க தங்கச்சி."

குனிந்து, சரியாக இருந்த வயரையே திரும்பச் சரி பண்ணினேன். என் பேச்சைக் கேட்டு, இறந்தவர்களின் வீடியோவை வேண்டாம் என்று எடுத்துவிட்ட வீடுகள் உண்டு. அந்தக் கல்யாணங்களெல்லாம் முடிந்துவிட்டன.