வாண்டாவின் அட்டை ஊசி

பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் நின்றவளுக்குக் கால் என்று ஒன்று மிச்சமிருப்பதே பெரிய காரியம். வாண்டா ஜிலின்ஸ்கிக்கு இரண்டும் மிச்சமிருந்தன; ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. மத்தியானம் நானூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசியலும் பட்டாணியும் அள்ளிப்போட்டுவிட்டு, வாசலில் வந்து நிற்கிற பஸ்ஸில் ஏறி, நேராக பேஸ்பால் மைதானத்துக்குப் போவாள். இடது மூலையில், முதுகு சாய வழியில்லாத மலிவான பலகை வரிசை. ஏப்ரல் மாசத்து ஏரிக்காற்றில் பல்லெல்லாம் கிட்டித்துக்கொள்ளும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே என்று கேட்காதவர்கள் இல்லை.

அவள் போனது லானி பிரூட்டைப் பார்க்க. ஊருக்கு வெளியே இந்தப் பெயரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடித்தவன் ஓடிச் சுற்றி வர வேண்டிய நாலு மூலைகளில், அதாவது பேஸ்களில், இரண்டாவதைக் காக்கிறவன். பதினோரு வருஷத்தில் பத்தொன்பது தடவைதான் பந்தை வேலிக்கு அப்பால் அடித்திருக்கிறான். கோழிக்கழுத்து. கொடியில் காயப்போட்ட மாதிரி சட்டை அவன்மேல் தொங்கும். ஆனால் மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் அந்தச் சட்டை முழுக்க மண்ணாகிவிடும். தான் அவுட்டானாலும் சரி, முன்னால் நிற்கிறவன் ஒரு பேஸ் நகரட்டும் என்று பந்தை மெதுவாகத் தட்டிப்போடுவான். அவுட் என்று தெரிந்த பிறகும் முதல் பேஸ்வரை உயிரைக் கொடுத்து ஓடுவான். அந்த ஓட்டத்தைப் பார்த்தால் வாண்டா கால்வலியை மறந்து பலகையைவிட்டு எழுந்து நிற்பாள். யாரும் கை தட்டாத வேலையை ஒழுங்காகச் செய்கிற ஜென்மம் உலகத்தில் இன்னொன்றும் இருக்கிறது என்று ஒரு ஆறுதல்.

பக்கத்துப் பலகையில் அவள் அண்ணன் ஃபெலிக்ஸ். நகர பஸ் பணிமனையில் மெக்கானிக். அவனுக்கு டேமன் ஹார்க்ரோவ்தான் சாமி. ஹார்க்ரோவ் ஒரே கோடையில் ஐம்பத்தெட்டு தடவை பந்தை வேலி தாண்டி அனுப்பியவன். அந்த வருஷங்களில் ஆட்டக்காரர்கள் எல்லாருமே புளித்த மாவு மாதிரி உப்பிக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று பத்திரிகைக்காரனும் கேட்கவில்லை, முதலாளியும் கேட்கவில்லை, டிக்கெட் வாங்குகிற நாமும் கேட்கவில்லை.

வாண்டா மட்டும் விடுவதில்லை. "உன் ஆளுக்குத் தலைகூடப் பெருத்துப்போச்சு, ஃபெலிக்ஸ். நாற்பது வயசுல எவனுக்காவது தொப்பி சின்னதாகுமா?"

"உன் ஆளுக்குக் காத்தடிச்சா பறந்துடாம இருக்க பாக்கெட்ல கல்லு போட்டு வைக்கச் சொல்லு."

"பறந்தாலும் யோக்கியமாப் பறப்பான்."

இப்படியே வருஷக்கணக்காக ஓடியது. யாருக்கும் வலிக்கவில்லை. பிறகு ஹார்க்ரோவ் கூடுதல் சம்பளத்துக்கு வேறு ஊர் அணிக்குத் தாவினான். உடம்பை முறுக்கேற்றுகிற ஊசி, மருந்து என்று பேச்சு வெளியே கிளம்பியது. அடுத்த ஜூலையில் அவன் எதிரணிக்காரனாக நம் ஊருக்கு ஆட வந்தான். பலகை வரிசைக்காரர்களுக்கு வேறென்ன வேலை? வந்தவனை வறுத்தெடுப்பதுதான். வாண்டா பள்ளிக்கூடத்திலிருந்து தக்காளிச் சாறு வந்த அட்டைப்பெட்டிகளைக் கொண்டுபோய், வெட்டி ஒட்டி, மூன்றடி நீளத்துக்கு ஓர் ஊசி செய்தாள். பாவி, வேலையில் மட்டும் சுத்தம். ஊசியில் அளவுக்கோடுகள்கூட வரைந்திருந்தாள்.

ஃபெலிக்ஸ் அன்று ஹார்க்ரோவின் பழைய எண் போட்ட சட்டையில் வந்திருந்தான். ஹார்க்ரோவ் மட்டையோடு வந்து நின்றதும் கூட்டமே கூச்சல் போட, ஃபெலிக்ஸ் ஒருவன் மட்டும் எழுந்து கை தட்டினான். வாண்டா ஊசியைத் தூக்கிப் பிடித்துக் கத்தினாள். டிவி கேமரா தங்கள் பக்கம் திரும்புவதைப் பார்த்தாள். அப்போதுதான் வாய்க்கொழுப்பு கைக்கும் ஏறியது. ஊசியை இறக்கி அண்ணன் தோளில் குத்துவதுபோல் வைத்தாள். "இவனுக்கும் ஒண்ணு போடுங்கப்பா, தெரிஞ்சே கை தட்டறான்."

பெரிய திரையில் அது வந்தது. முப்பதாயிரம் பேர் சிரித்தார்கள். ஃபெலிக்ஸும் ஒரு நொடி சிரித்தான். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். திரும்பி வரவில்லை. அந்த ஆட்டத்துக்கு மட்டுமில்லை, எந்த ஆட்டத்துக்கும்.

வாண்டா குடும்பம் மாதிரி அமெரிக்காவுக்குக் குடியேறிய போலந்துக்காரர் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை, சூப்பில் கரண்டி போடுவதற்கு முன்னால், மெல்லிய வெள்ளை அப்பம் ஒன்றை ஆளுக்காள் நீட்டி, உடைத்து, மன்னிப்புக் கேட்டு, வாழ்த்திச் சாப்பிட வேண்டும். அப்பம் உடைக்காமல் அன்றைக்குப் பந்தியில் உட்கார முடியாது. ஃபெலிக்ஸும் அவன் மனைவி டோட்டியும் வாண்டா வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். அந்த வருஷம் வரவில்லை. வாண்டா அப்பத்தின் ஒரு மூலையை உடைத்துத் தான் தின்றுவிட்டு, மீதியை உறையில் போட்டுத் தபாலில் அனுப்பினாள். அடுத்த வருஷமும் அப்படியே. பதில் இல்லை. நான் இறங்கி வந்தும் அவன் இறங்கவில்லையே என்று அவளுக்கு ஒரே ஆங்காரம்.

மூன்றாவது டிசம்பரில் அந்தப் பட்டியல் வெளியானது. மருந்து போட்டவர்கள் என்று எண்பது சொச்சம் பெயர். பள்ளிக்கூடச் சமையலறை ரேடியோவில் வாசித்துக்கொண்டே போனார்கள். ஹார்க்ரோவ் பெயர் வந்தது. வாண்டா தலைநிமிராமல் பாத்திரம் கழுவினாள். அதற்குப் பிறகு, ஆங்கில அகரவரிசையில் கொஞ்சம் தள்ளி, லானி பிரூட்.

பக்கத்தில் நின்ற, கூட வேலை பார்க்கிற ஷெர்லீன் ரேடியோவை அணைத்தாள். "வேற பிரூட்டா இருக்கும், வாண்டா."

"இரண்டாவது பேஸ்ல எத்தனை பிரூட் இருக்கான்?"

மல்லாந்து படுத்துத் துப்பியவளுக்கு எங்கே விழும்? அழுகைகூட வரவில்லை, அசதிதான் வந்தது. மேஜை துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தாள். யோசித்தால், தெரியாது என்று சொல்ல முடியவில்லை. லானிக்கு முப்பத்துமூன்று வயசில் தோள்பட்டை கிழிந்தது. ஐந்து மாசம் ஆகும் என்றார் டாக்டர். ஏழு வாரத்தில் திரும்பி வந்தான். வாண்டா அந்தோணியாருக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள். கழுத்து கொஞ்சம் தடித்திருந்தது. பெண்டாட்டி சமையல் என்றாள். பார்த்தாள், எல்லாம் பார்த்தாள்; பார்க்காததுபோல் இருந்தாள். அண்ணனைச் சொன்னாளே, தெரிந்தே கை தட்டுகிறான் என்று.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பள்ளிக்கூடம் இல்லை. உறையில் விலாசம் எழுத உட்கார்ந்தவள் எழுதாமல் எழுந்தாள். அப்பத்தைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு பனியில் எட்டுத் தெரு நடந்தாள். இன்றைக்கும் உடைக்க மாட்டேன் என்று அண்ணன் சொல்லிவிட்டால் பிறகு தனக்கென்று யாரும் இல்லை என்பது நடக்க நடக்கத்தான் அவளுக்கு உறைத்தது.

கதவைத் திறந்தது ஃபெலிக்ஸ். ரொம்ப இளைத்திருந்தான். வலது கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தான்.

"பிரூட் விஷயம் கேள்விப்பட்டிருப்ப. சிரிக்கணும்னா சிரிச்சுக்கோ, ஃபெலிக்ஸ்."

"அதுக்கா இவ்ளோ தூரம் நடந்து வந்த?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். ஹார்க்ரோவ பாத்துக் கத்தினதுக்கு."

ஃபெலிக்ஸ் கதவை அகலத் திறக்கவில்லை. "ஹார்க்ரோவுக்கு என்ன? கோடிக்கணக்குல வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்டான். அவன் உன் ஊசிய பாத்தானான்னே தெரியாது. நான்தான் திங்கக்கிழமை வேலைக்குப் போனேன். கிரீஸ் அடிக்கிற துப்பாக்கிய தூக்கிட்டு வந்து பின்னாடி குத்துவானுங்க. 'ஊசி வேணுமா ஃபெலிக்ஸ்'னு. என் அலமாரில ஊசியா வரைஞ்சு வச்சானுங்க. நேத்துச் சேந்த பையன்கூட என்னை 'டாக்டர்'னுதான் கூப்பிடறான். மூணு வருஷம், வாண்டா."

அவளுக்கு அது தெரியாது. ஒரு நாள் சிரிப்பு என்றுதான் நினைத்திருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீ அப்பத்த தபால்ல அனுப்பற. தபால்ல அனுப்பறது போலந்துல, கிராக்கவ்ல இருக்கற சித்திக்கு. கடல் தாண்டி இருக்கறவங்களுக்கு. எட்டுத் தெருவுக்கு ஸ்டாம்பு ஒட்டினா என்ன அர்த்தம்? இனிமே உன் முகத்துல முழிக்க மாட்டேன்னு அர்த்தம். டோட்டி ரெண்டு வருஷமும் அந்த உறையப் பாத்து அழுதா."

உள்ளேயிருந்து டோட்டியின் குரல் வந்தது. "குளிர்ல வாசல்ல நிறுத்தி வச்சுப் பேசாத மனுஷா. பீட்ரூட் சூப் ஆறுது."

வாண்டா கைக்குட்டையை விரித்தாள். நடந்த நடையில் அப்பம் நாலு துண்டாகியிருந்தது. பெரிய துண்டாகப் பார்த்து நீட்டினாள். "நீ தெரிஞ்சே கை தட்டினேன்னு சொன்னேன். நானும் தெரிஞ்சேதான் தட்டியிருக்கேன். உன்ன ஊர் சிரிக்க வச்சேன். அதுக்கு மன்னிச்சிரு."

ஃபெலிக்ஸ் கதவை அகலத் திறந்தான். பிறகு இடது கையால் ஒரு சின்ன முனையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டான். "நல்லா இரு" என்றான். வழக்கமாகச் சொல்கிற நீளமான வாழ்த்தில் அவ்வளவுதான் வந்தது.

மூவரும் உட்கார்ந்து சூப் குடித்தார்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று டோட்டி உத்தரவு போட்டிருந்தாள். சூப்புக்குப் பிறகு மீன் வந்தது. ஃபெலிக்ஸ் இடது கையால் முள் எடுக்கத் திணறினான்.

"கைக்கு என்ன?" என்றாள் வாண்டா.

"தோள்பட்டை. பஸ்ஸுக்கு அடியில கைய தூக்கியே கிழிஞ்சு போச்சு. பென்ஷனுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு." முள்ளை ஓரம் வைத்தான். "பிரூட்டுக்கு அப்ப என்ன வயசு?"

"முப்பத்துமூணு."

"ஒரு ஊசி போட்டா மூணு வருஷம் தாங்கும்னு எவனாவது சொன்னா, பணிமனை வாசல்ல விடியறதுக்கு முன்னாடியே போய் நிப்பேன். முதல் ஆளா நிப்பேன்."

வாண்டா அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்து முள் எடுக்கத் தொடங்கினாள்.

"எனக்கும் ஒரு இடம் பிடிச்சு வை" என்றாள்.