கருகிய நிலத்துக்குள் தாவுவது

போன வாரம் எதிர்வீட்டுக்காரர் வேப்பஞ்சருகைக் கூட்டித் தெருவோரம் தீ வைத்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் வாளித் தண்ணீரோடு ஓடினேன். "வெறும் குப்பைப்பா. தெருவே பாக்குது" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் புடவை ஓரத்துக்கும் நெருப்புக்கும் எவ்வளவு தூரம் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடமாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பச்சைமலையில் வனக்காவலர் வேலை. ஸ்ரீரங்கத்துப் பிள்ளை, அதுவரை நான் ஏறிய பெரிய மலை உச்சிப்பிள்ளையார் கோயில்தான். தை பிறந்ததும் காட்டுக்கு நடுவே ஒரு பட்டை நிலத்தைப் புல் பூண்டில்லாமல் செதுக்குவோம். தீ அதைத் தாண்டக்கூடாது. மாசியில் இலை உதிர்ந்து நிரம்பிவிடும்; மறுபடி கூட்டுவோம். தகரம் தட்டினால் யார் எங்கே நிற்பது, யார் பச்சைத் தழை வெட்டுவது என்று ஊர் ஆட்களோடு ஒத்திகை. காற்று திரும்பினால் தீக்கு முன்னால் ஓடக்கூடாது, எரிந்து கருகிய நிலத்துக்குள் தாவிவிட வேண்டும். எரிந்தது மறுபடி எரியாது. இதை ஓயாமல் சொல்வேன். ஆட்களுக்குத் தலைவரான பெரியண்ணன் சிரிப்பார்: "சாருக்கு மலை ஏறத்தான் மூச்சு வாங்குது. பேச வாங்க மாட்டேங்குது."

கனல் சுடாமல் அப்படித் தாவுவதற்காக எல்லோருக்கும் இலாகாவிலிருந்து டயர் செருப்பு வந்தது. ஆனால் மேலே ஊர்ச்சாமியின் சோலை இருந்தது. அதன் எல்லைக்கல்லுக்கு அப்பால் யாரும் செருப்போடு போவதில்லை. ஒத்திகை முழுக்கக் கல்லுக்கு இந்தப் பக்கமே நடந்ததால் அந்தப் பேச்சே எழவில்லை.

பங்குனியில் சோலைக்குள்ளேயே தீ பிடித்தது. ஓடி வந்தவர்கள் கல்லருகே நின்றார்கள். "கழட்டுங்கடா" என்றார் பெரியண்ணன். நானும் கழற்றினேன். தழையால் அடித்துப் பாதி அணைத்திருப்போம், காற்று திரும்பியது. "கருகுன பக்கம் குதிங்க!" என்று கத்தினேன். கனல் மினுங்கும் தரையில் வெறுங்காலை வைக்க யாருக்கு மனம் வரும்? தயங்கியவர்களையெல்லாம் பெரியண்ணன் பிடித்துத் தள்ளினார். கடைசியில் தானும் கால் வைத்தார். சூடு தாங்காமல் எடுத்தார். அந்த ஒரு கணத்தில் தீ அவரைப் பிடித்துவிட்டது.

கட்டிலில் தூக்கி மலையிறக்கித் திருச்சி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தோம். பிழைக்கவில்லை. வராந்தாவில் அவர் மனைவி செல்லம்மாள் கேட்டார்.

"செருப்பு போட்டிருந்தா எங்க வீட்டுக்காரரு தாவியிருப்பாரா சார்?"

"தாவியிருப்பாரும்மா."

"அப்ப சாமியத்தான் கேக்கணும்."

காரியம் முடிந்ததும் ஊர் கூடி, சாமி முன் வெள்ளைப் பூ ஒரு பொட்டலமும் சிவப்புப் பூ ஒரு பொட்டலமும் வைத்தார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். ஒரு குழந்தை எடுத்தது வெள்ளை. தீயணைக்க மட்டும் செருப்போடு போகலாம் என்றாயிற்று. ஆனாலும் முதல் காலை வைக்க ஒருவருக்கும் துணிவில்லை. "நகருங்க" என்று சொல்லி, புருஷனின் செருப்பை மாட்டிக்கொண்டு செல்லம்மாள்தான் கல்லைத் தாண்டினார்.

அண்மையில் அங்கே போய் வந்த நண்பர் சொன்னார். சோலை இல்லை, சரிவு முழுக்க மரவள்ளி. எல்லைக்கல்லைப் பெயர்த்துக் கிணற்றடியில் துணி துவைக்கப் போட்டிருக்கிறார்களாம். இப்போது அங்கே யாரும் எதற்காகவும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை.