மழை கட்டியவள்

எங்கள் வீட்டில் செய்தியை யாரும் காது கொடுத்துக் கேட்கமாட்டார்கள். செய்தி முடிந்து வானிலை வரும்போதுதான் அப்பா எல்லோருடைய வாயையும் அடைப்பார். விடியலில் மழை பெய்தால் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுக்க முடியாது. தோட்டத்தில் அதைவிடப் பெரிய செய்தி ஏது? அத்தையின் கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், தொலைக்காட்சியில் மலாக்காவின் மேல் கறுத்த மேகப் படம் ஒன்றும், அதன் கீழே மின்னல் கோடும் வந்தன. காலையில் இடியுடன் மழையாம். அப்பா அந்தப் பெட்டியை முறைத்துப் பார்த்தார்.

அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. புலாவ் செபாங் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திடலில்தான் பந்தல். ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம் அது. எங்கள் செம்மண் சாலைக்கு ஒரு மழை போதும், பஸ்ஸையே விழுங்கிவிடும். மாப்பிள்ளை வீட்டு பஸ் சேற்றில் சிக்கி நேரம் தவறினால், ஆடி பிறந்துவிடும், கல்யாணம் ஆவணிக்குப் போய்விடும். மாப்பிள்ளை சுங்கை ஊடாங்கில் வேலை பார்ப்பவர், மனைவியை இழந்தவர். அவருடைய மூத்த பிள்ளைக்கு என் வயது. அதற்குள் அவர்கள் வேறு இடம் பார்த்துவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். கொஞ்சம் பொறுக்கலாமே அண்ணே என்று அத்தை ஒரு வாரமாகக் கெஞ்சிக்கொண்டிருந்தாள். கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று பெண்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அம்மாவுக்கு மழையைக் கட்டும் வழி தெரியும். பக்கத்துக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், இருக்கும் அம்மாள் ஒருத்தி பசாரில் காய் வாங்கும்போது சொல்லிக்கொடுத்தது. ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்தி, திடலின் மூலையில் நட வேண்டும். நடுவது வயதுக்கு வராத தலைச்சன் பெண்ணாக இருக்க வேண்டும். தாலி ஏறும்வரை அவள் குளிக்கக் கூடாது, தண்ணீரில் கையே வைக்கக் கூடாது. தலைச்சன் நான்தான். வெயிலில் நீர் ஆவியாகி, மேலே போய்க் குளிர்ந்து மேகமாகிறது என்று அந்த மாதம்தான் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருந்தேன். வெங்காயம் இதில் எங்கே வருகிறது என்று கேட்டேன்.

"பரீட்சையில அத எழுது. கல்யாணத்துல இதச் செய்," என்றாள் அம்மா.

செய்தேன். செய்துவிட்டுச் சமையற்கட்டுக்கு வந்தால், அரிசி மூட்டை ஓரத்தில் அத்தை உட்கார்ந்து பச்சரிசியைப் பிடி பிடியாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை கொட்டும் என்று சொல்லித்தானே எங்களை அடிப்பார்கள்! மழை வந்துவிடும் அத்தை என்று பதறினேன்.

"வரட்டும்லா," என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை. ராத்திரிச் சோறு சாப்பிடாத பசி போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

காலையில் கடல் பக்கமிருந்து மேகம் எழுந்து வந்தது. மேகம் என்றா சொல்வது? கறுப்புச் சுவர். வெளிச்சம் மஞ்சள் பூத்துப் போனது. மைனாக்கள் வாயை மூடிக்கொண்டன. நாய்கள் கோயில் மேடைக்கடியில் புகுந்து வெளியே வர மறுத்தன. அந்தச் சுவர், எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனைக் காடு வரை வந்து, அங்கேயே நின்றது. காட்டுக்குள் மழை கொட்டும் ஓசை தெளிவாகக் கேட்கிறது. திடலில் ஒரு துளி இல்லை. நான் நட்ட குச்சியைத் திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

அந்த நேரத்தில்தான் அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். பட்டுப் புடவையோடு, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீருடன் நின்றாள்.

"வா கண்ணு, குளிச்சிரு. நானே ஊத்துறேன்."

தாலி ஏறட்டும் அத்தை என்றேன். ஒரு சொம்பாவது ஊற்றிக்கொள்ளச் சொன்னாள். கையையாவது நனைக்கச் சொன்னாள். கல்யாணத்தைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் அல்லவா இருந்தது! கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓடிவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டு பஸ் சொட்டச் சொட்ட நனைந்து வந்தது. செம்பனை வரைக்கும் பேய் மழை, இங்கே புழுதி பறக்கிறதே என்று டிரைவர் சாமி கும்பிட்டார். எங்கள் செம்மண் சாலை ஈரம் காணாமல் கிடந்ததால் பஸ் எங்கேயும் சிக்கவில்லை. அப்பா என்னைப் பார்த்து ஒருமுறை தலையாட்டினார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மணவறையில் எல்லாப் பெண்களும் தலை குனிந்திருக்கத்தான் பார்த்திருக்கிறேன். அத்தை அண்ணாந்து பந்தல் இடுக்கு வழியே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை விழுந்தது. மாப்பிள்ளையின் கை அவள் கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, அவளுடைய விரல்கள் மடியில் விழுந்த அரிசியைப் பொறுக்கி வாய்க்குக் கொண்டுபோயின. தாடை மட்டும் மெல்ல அசைந்தது. அதை வேறு யாரும் பார்த்தார்களா, தெரியவில்லை.

மேளம் ஓய்ந்ததும் மழை இறங்கியது. அப்படியொரு மழை! தாலி ஏறிய பின் பெய்தால் ஆசீர்வாதம் என்று ஆளாளுக்குச் சொல்லி மகிழ்ந்தார்கள். நான் மணவறைக்கு ஓடி அத்தையின் காதில், இவ்வளவு நேரமும் மழையைப் பிடித்து வைத்திருந்தது நான்தான் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

அத்தை என்னையே பார்த்தாள். பிறகு என் தலையில் கையை வைத்தாள், கை சில்லிட்டிருந்தது.

"நல்லாரு," என்றாள்.

புதுப்பெண் வாயிலிருந்து வந்த முதல் ஆசீர்வாதம் எனக்குத்தான் என்று பள்ளிக்கூடத்தில் பல நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.