ஆள் வராத மாணவர் டிக்கெட்

படக்கூடத்து வேலை என்றால் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஓவியங்கள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும், நாம் அசையாமல் இருக்கணும், அதுதான் வேலை. டிக்கெட் கவுண்டரோ ஏடிஎம் வாசலோ, எங்கேயாவது ஒற்றை நாற்காலியில் நாள் முழுக்க உட்கார்ந்தே தேய்கிற ஆளாக இருந்தால் உங்களுக்கு நான் சொல்வது புரியும்.

சிவகாசியில் பழைய காலண்டர் அச்சகம் ஒன்றை அதன் முதலாளி குடும்பம் படக்கூடமாக மாற்றியிருக்கிறது. காலண்டருக்கும் பட்டாசுப் பெட்டிக்கும் கையால் வரைந்த அசல் படங்கள் சுவர் முழுக்க. பெரியவர்களுக்கு முப்பது ரூபாய், அடையாள அட்டை காட்டும் மாணவர்களுக்கு ஐந்து. பிளஸ் டூ வேதியியலில் கோட்டை விட்டேன். திரும்ப எழுத மாட்டேன் என்று சொன்னேன். அம்மா ஒரே கண்டிஷன் போட்டாள்: இந்த வேலையில் நிலைக்கணும், இல்லாவிட்டால் அவளோடு வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வேனில் ஏறணும். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் பயந்துபோய் ஒரே மாதத்தில் நின்றுவிட்டார்கள் என்பதை யாரும் முதலில் சொல்லித் தொலைக்கவில்லை.

நாலு பேருக்கு மேல்

முதல் வாரம். பட்டாசுக் கம்பெனிப் பெண்கள் ஏழு பேர் லீவு நாளில் வந்தார்கள். நான் கேட்காமலே செல்போன்களை மேசையில் அடுக்கிவிட்டார்கள். செருப்பையும் வாசலில் விட்டார்கள். அது கம்பெனிப் பழக்கம், எங்கள் வீட்டிலும் உண்டு, சிரித்துக்கொண்டேன்.

ஆனால் பெரிய அறைக்குள் நாலு பேர்தான் போனார்கள். மிச்ச மூணு பேர் வெயிலிலேயே நின்றார்கள். எல்லோரும் போகலாம் என்று இரண்டு தடவை சொல்லியும் அசையவில்லை. பட்டாசு மருந்து கையாளுகிற அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அவர்கள் காலுக்கே தெரியும் போல. போன நாலு பேரும் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார்கள். படம் பிடிக்கலையா என்று கேட்டேன். மூத்தவள் அறையைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு தாயி, தப்பிச்சு ஓட ஒத்த வாசல்தான் உள்ள ரூமுல நீ எப்படித்தான் இம்புட்டு நேரம் இருக்கியோ."

ஐந்து ரூபாய்க் கூட்டம்

விருதுநகரிலிருந்து பாலிடெக்னிக் பையன்கள் எட்டுப் பேர் பஸ் ஏறி வந்தார்கள். கலை ஆர்வமெல்லாம் கிடையாது. ஐந்து ரூபாய்க்கு மூணு மணி நேரம் ஃபேன் ஓடுகிற இடம் இந்த ஊரில் வேறு இல்லை. ஒருத்தன் அண்ணனுடைய அட்டையைக் காட்டினான். போட்டோவில் இருந்தவனுக்கு மீசை இருந்தது, இவனுக்கு இல்லை. சிரைத்துவிட்டேன் என்றான். விட்டுத் தொலைத்தேன்.

அவர்களில் ஒல்லியாக ஒருத்தன் மட்டும் பட்டாசுப் பெட்டிப் படங்களை நோட்டில் வரைந்துகொண்டிருந்தான். திடீரென்று என்னைக் கூப்பிட்டான். பதினோரு பெட்டிப் படங்கள், வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வருஷம். எல்லாவற்றிலும் கம்பி மத்தாப்புப் பிடித்திருப்பது ஒரே சிறுமி. அவளுக்கு வயசே ஏறவில்லை. தினமும் அந்தச் சுவரைத் துடைக்கிறவள் நான், ஒரு நாளும் கவனிக்கவில்லை. வரைந்தவருக்கு அந்த ஒரு முகம்தான் வரும் போல என்று சமாளித்தேன். அவன் நோட்டை மூடிக்கொண்டு சொன்னான்: "அதில்லக்கா, மத்தாப்பு பளிச்சுனு எரியுது, இவ மூஞ்சியில மட்டும் வெளிச்சமே விழலை பாருங்க."

வாசம்

அதற்கப்புறம் அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை. முகத்தைக் காட்டியும் உட்கார முடியவில்லை. போதாததற்கு சாயங்காலம் நாலு மணியானால் அறைக்குள் மருந்து வாசம் வந்தது. பட்டாசு மருந்து. அம்மா தலைமுடியில் தினமும் மோந்து பார்க்கிற வாசம், எனக்குத் தப்பாது. ஜன்னலைச் சாத்தினாலும் வந்தது.

வேலையை விடப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். அம்மா திட்டவே இல்லை. பெட்டியைத் திறந்து தன்னுடைய பழைய பருத்திச் சுடிதார் ஒன்றை எடுத்து, என் அளவுக்கு ஓரம் பிடித்துத் தைத்து, கட்டிலில் மடித்து வைத்தாள். மருந்து அறைக்குள் நைலான் துணி ஆகாது, உரசினால் பொறி கிளம்பும். திங்கட்கிழமை ஏழு மணிக்கு வேன் என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் வாட்ச்மேன் அண்ணாச்சியிடம் புலம்பினேன். முன்னால் இருந்த இரண்டு பேரும் அந்த வாசத்துக்குத்தான் ஓடினார்களாம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏ புள்ள, இங்கன வெறும் வாசம், அங்கன நெசமான மருந்து, எதுக்குப் பயப்படணும்னு நீயே முடிவு பண்ணிக்க."

இரண்டு டிக்கெட்

சனிக்கிழமை மத்தியானம் திருத்தங்கலிலிருந்து ஒரு அம்மா வந்தாள். நகக்கண்ணில் அலுமினியத் தூள் மினுங்கியது. பெரிய ஆளுக்கு ஒன்று, மாணவிக்கு ஒன்று என்று முப்பத்தைந்து ரூபாயை வைத்து, கல்லூரி அட்டையையும் வைத்தாள். பி.காம். முதல் வருஷம், போட்டோவில் இரட்டைப் பின்னல் போட்ட பெண். அட்டை காலாவதியாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஆள் நேரில் வந்தால்தான் ஐந்து ரூபாய் என்று கறாராகச் சொன்னேன். வாசலைத் திரும்பிப் பார்த்து, வந்துகொண்டிருக்கிறாள் என்றாள். வாசலில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை.

அண்ணாச்சி கண்ணாலேயே கொடுத்துவிடு என்றார். கிழித்துக் கொடுத்தேன். அவள் உள்ளே போன பிறகு விஷயத்தைச் சொன்னார். ஐந்து ரூபாய்க்குப் படம் பார்க்கலாம், வா வா என்று மகள் நச்சரித்துக்கொண்டே இருந்தாளாம். தாய்க்கு லீவு கிடைக்கவில்லை. தீபாவளி சீசனில் ஃபீஸுக்காக மகளே தாயோடு கம்பெனிக்குப் போயிருக்கிறாள். அறை வெடித்தபோது தாய் தண்ணீர் குடிக்க வெளியே வந்திருந்தாள்.

அந்த அம்மா ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள். பெட்டிப் படங்களுக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். வெளியே வந்து, என்ன படித்திருக்கிறாய், உன் அம்மாவுக்கு எங்கே வேலை என்று விசாரித்தாள். திங்கட்கிழமை நானும் வேனில் போவேன் என்று சொன்னேன். அவள் மாணவி டிக்கெட்டை மட்டும் மேசையில் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீ எங்கயும் போகாத தாயி, நா மட்டும் வீட்டுக்குப் போறேன், அவ உனக்குத் தொணையா உள்ளயே இருக்கட்டும்."

பயமுறுத்துகிற வேலை இரண்டு கைவசம் இருந்தும், யோசித்துப் பார்த்து, சம்பளம் குறைந்த இந்தப் படக்கூடத்து நாற்காலியை எடுத்துக்கொண்டவள் எங்கள் தெருவில் நான் ஒருத்திதான்.