அமலிக்கரையில் ஓங்காத கை

ததேயுஸின் இடக் காதுமடலில் பாதி இரணியலில் போயிற்று. முன்பல் ஒன்று நாகர்கோவில் சாலையோரத்தில் விழுந்தது. வலப்புருவத்தைக் குறுக்கே அறுத்துச் செல்லும் வடு, தக்கலைக்கு இப்பால் எவனோ எறிந்த செங்கல் செய்த வேலை. இத்தனைக்கும் அவன் பந்தை உதைத்தவன் அல்லன். ஆட்டக்காரனாய் ஒருநாளும் களம் இறங்கியதில்லை. சந்தியாகுதுறைப் பந்தாட்டக் குழு வெளியூர் செல்லும்போதெல்லாம் அதன் பின்னே சென்ற கூட்டத்தில் முன்னே நின்றவன். அவ்வளவே.

அக்காலத்தில் வெளியூர் ஆட்டத்துக்குப் போவதென்பது படையெடுப்புக்குப் போவது போன்றது. கடலுக்குப் போகாத நாள் ஞாயிறு ஒன்றே ஆதலால் ஆட்டம் ஞாயிறன்றுதான். உள்நாட்டு ஊரானால் முந்தின நாளே கட்டுச்சோற்றோடு நடக்கத் தொடங்க வேண்டும். மோட்டார் வண்டிக்காரன் மீன்நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஏற்றாமலே போய்விடுவான். பூசை தவறியதற்குக் கோயிலில் தண்டம் உண்டு. போய்ச் சேர்ந்த ஊரிலோ, வந்தவர்கள் தாகத்தால் தளரட்டும் என்று கிணற்றுக் கயிற்றையும் நீர் இறைக்கும் ஓலைப்பட்டையையும் கழற்றி ஒளித்துவைப்பார்கள். வென்றால் அடி, தோற்றால் ஏச்சும் அடியும். திங்களன்று நொண்டிக்கொண்டு திரும்பும்போது மற்றவன் வலைமடி நிறைய மீன் கொண்டு வந்திருப்பான். இவன் வலை மணலில் காய்ந்து கிடக்கும். பெண் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வந்த நாளில் ததேயுஸ் நாகர்கோவில் ஆட்டத்துக்குப் போயிருந்தான். வந்தவர்கள் கருப்பட்டிக் காப்பி குடித்துவிட்டு எழுந்து போனார்கள்; பிறகு வேறெவரும் வரவில்லை. அதற்காக அவன் வருந்தியதாகவும் தெரியவில்லை. அன்று சந்தியாகுதுறை வென்றிருந்தது.

தாய் தந்தை இல்லாத அவனுக்கு உறவென்று இருந்தவள் தங்கை லீமா ஒருத்தியே. அவளை மணவாளக்குறிச்சிக்கு அப்பால், ஆறு கடலில் கலக்கும் பொழியைத் தாண்டிய அமலிக்கரையில் மரியஜானுக்குக் கட்டிக்கொடுத்தான். நல்ல உழைப்பாளி, நல்ல குடும்பம். ஒரே குறை, அமலிக்கரையிலும் ஒரு பந்தாட்டக் குழு இருந்தது.

திருமணம் முடிந்த மறு ஆண்டு அங்கே நடந்த ஆட்டம் கலகத்தில் முடிந்தது. ததேயுஸ் ஒடிந்த துடுப்பைச் சுழற்றினான். அது மரியஜானின் தம்பி ஜேசுதாஸின் வாயில் பட்டு, மேல்வரிசைப் பற்களை உதிர்த்தது. மறுநாள் விடியலில் லீமா பெட்டியோடும் நிறைவயிற்றோடும் சந்தியாகுதுறை மணலில் வந்து நின்றாள். பிள்ளை பிறந்து முகம் பார்க்கத் தொடங்கிய பின்னும் அழைத்துப்போக எவரும் வரவில்லை. பங்குச்சாமியார் இரு ஊருக்கும் நடந்து நடந்து சமாதானம் பேசினார். முடிவில், கரையோரக் குருசடியில் சிலுவையின் அடியைத் தொட்டு ததேயுஸ் ஆணையிட்டான்: அமலிக்கரை மணலில் இனிக் கை ஓங்குவதில்லை. ஓங்கினால் லீமா பிறந்த வீட்டோடு நின்றுவிட வேண்டியதுதான், அழைப்பில்லை, பேச்சில்லை. அந்த ஆணையின் மேல்தான் அவள் திரும்பவும் வாழப் போனாள்.

கொல்லம் ஆயிரத்து நூற்றுப் பத்தாம் ஆண்டு மாசியில் சந்தியாகுதுறைக் குழு மீண்டும் அமலிக்கரைக்கு ஆடப் போயிற்று. ஆணையிட்டவன் வீட்டில் இருந்திருக்கலாம். இருக்க அவனால் ஆகவில்லை. வள்ளத்தின் முன்துடுப்பில் தோழன் ஏசுஅடிமை, பின்துடுப்பில் அவன். பொழியின் சுழலைக் கடந்து, அலைமுதுகில் ஏறி, வள்ளம் அமலிக்கரை மணலில் மூக்கைக் குத்தியது. தாழம்புதர் ஓரம் கைக்குழந்தையோடு லீமா நின்றாள்.

"வரமாட்டன்னு நெனச்சேன் அண்ணா."

"வராம இருக்க எனக்கு ஒக்குமா மக்கா? அங்க இருந்தா கூச்சல் கேக்காதே."

"கேக்காட்டா செத்தா போவ?"

"செத்தாலும் செத்துருவேன்." பல் போன சந்து தெரியச் சிரித்தான்.

"சிரிக்காத. ஒனக்குச் சிரிப்பு, பெட்டி கெட்டுகது நானாக்கும்." அவள் முந்தானையிலிருந்து நீலத்துணி உத்தரியம் ஒன்றை எடுத்தாள்.

உத்தரியம் என்பது மாதாவின் பேரால் கழுத்தில் அணியும் சிறு துணிச்சதுரம். சந்தியாகுதுறையார் அணிவது கார்மேல் மாதாவின் தவிட்டுநிறம். அமலிக்கரையார் அணிவது அமலோற்பவ மாதாவின் நீலம். ஒரே வேதம், ஒரே தொழில், ஒரே கருமேனி, ஒரே அரைத்துணி. ஆகவே கலகம் மூண்டால் தன்னவன் யார், பகைவன் யார் என்பதை அக்கரைகளில் கழுத்தைப் பார்த்தே அறிவார்கள். அன்னையின் அடையாளத்தை அவர்கள் அடிப்பதற்கு அடையாளமாக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இதப் போடு. நம்ம உத்தரியத்த மடியில முடிஞ்சு வையி. நீலத்தக் கண்டா இவனுவ ஒன்னத் தொடமாட்டானுவ. தொட்டாத்தானே ஒனக்குக் கை பொங்கும்?"

"நம்ம ஆளுவ கண்டா?"

"அவியளுக்கு ஒனக்க மூஞ்சி தெரியாதா? அறுந்த காது தெரியாதா?"

அவள் சொன்னது சரியென்றே பட்டது. குனிந்தான்; அவளே கழுத்தில் இட்டாள். குழந்தை அந்த நீலத் துணியைப் பற்றி இழுத்தது. கலகம் மூண்டாலொழிய எவர் கண்ணிலும் படவேண்டாம் என்று தோள்துண்டால் அதை மூடிக்கொண்டான்.

இரு முனையிலும் துடுப்புகளை நட்டு, குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள், அதுவே வலைவாசல். நடுவராக இரணியல் பக்கத்து மிஷன் பள்ளி ஆசிரியர் ஜெபசீலன் குடையும் ஊதுகுழலுமாக வந்திருந்தார். புராட்டஸ்டண்டுக்காரர் ஆதலால் எந்த மாதாவின் பக்கமும் சாயமாட்டார் என்று இரு ஊரும் அவரை ஒப்பியிருந்தன.

"லேய் சந்தியாகு, ஒனக்க புனிதருக்கக் குதிர எங்கலே? கால் நொண்டியாச்சோ?" என்று குதிரையேறும் புனிதர் சந்தியாகுவைச் சுட்டிக் கரை கத்தியது.

"குதிர கெடக்கட்டு, ஜேசுதாஸுக்குப் பல்லு வாங்கியாச்சா?" என்று ஏசுஅடிமை திருப்பிக் கத்தினான். ததேயுஸ் அவன் வாயைப் பொத்தப் பார்த்தான். எதிர்ப்புறத்தில் ஜேசுதாஸ் பல்லற்ற ஈறு தெரிய இளித்து, விரலால் ததேயுஸைச் சுட்டிக் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினான்.

வெயில் சாயும் வேளையில் சந்தியாகுதுறைக்காரன் உதைத்த பந்து கயிற்றைத் தடவிக்கொண்டு போனது. கயிற்றின் கீழா, மேலா? ஜெபசீலன் கீழ் என்று ஊதினார். ஊதிய குழலை வாயிலிருந்து எடுக்கும் முன்னே அவர் குடை காற்றில் பறந்தது. அவர் கோயிலை நோக்கிப் பறந்தார்.

கடற்கரைக் கலகம் மணலால் தொடங்கும். அள்ளி எறிந்தது மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணல். இரும்புத்தூள் போல் கனத்தது, வியர்வையில் பட்டால் அப்பிக்கொள்வது. நூறு கைகள் அதை வாரி இறைத்தன. கண் அவிந்தது. வாய் அடைத்தது. முகமெல்லாம் ஒரே கருப்பூச்சாயிற்று. காதும் மூக்கும் வடுவும் அதனுள் மறைந்தன. பிறகு துடுப்புகள் பிடுங்கப்பட்டன. மண்டை பிளக்கும் ஓசை தேங்காய் உடைபடும் ஓசை போல் அலையோசைக்கு மேல் கேட்டது. ஒருவன் மற்றவன் தோளைக் கடித்துச் சதையோடு எடுத்தான். குருதி வடிந்த இடத்தில் மணல் அப்பி, அந்தப் புண்ணும் கருத்தது. விழுந்தவன் நெஞ்சில் நின்றவன் மிதித்தான். மிதித்தவன் முதுகில் கல் விழுந்தது. கழுத்துத் துணியின் நிறம் ஒன்றையே பார்த்து அடித்தார்கள்.

ததேயுஸ் தோள்துண்டை எறிந்து நீலத்தை வெளியே விட்டு, இரு கைகளையும் அரைத்துணிக்குள் செருகிக்கொண்டு வள்ளத்தை நோக்கி நடந்தான். நீலம் கண்ட அமலிக்கரையார் அவனைத் தாண்டி ஓடினர். லீமாவின் யோசனை பலித்தது என்று நினைத்த அக்கணம், எதிரே துடுப்போடு ஒருவன் வந்தான். நடையிலேயே தெரிந்தது, ஏசுஅடிமை.

"ஏலே, நாந்தாம்லே!" என்றான் ததேயுஸ். வாய் நிறைய மணல். சொல் குழறிக் குரைப்பாய் வெளிவந்தது.

"அமலிக்க மவனே!" என்று துடுப்பு இறங்கியது.

வலமுழங்கையில் எலும்பு நொறுங்குவதை அவன் காதால் கேட்டான். மண்டியிட்டான். துடுப்பு மறுபடி உயர்ந்தது. இடக்கை நன்றாக இருந்தது. உயர்த்தினால் தடுக்கலாம், துடுப்பைப் பறித்துவிடலாம், முகத்தைத் துடைத்துக் காட்டலாம். ஆனால் கரை மேட்டில் அமலிக்கரைப் பெண்கள் வரிசையாய் நின்றார்கள். மரியஜானின் தாயும் நின்றாள். தடுக்க எழும் கையும் அங்கிருந்து பார்த்தால் ஓங்கிய கைதான். இடக்கை மணிக்கட்டைத் தன் பல்லால் கவ்விக்கொண்டான். இரண்டாம் அடி தோளில், மூன்றாம் அடி விலாவில். "தாயே" என்று ஒரு மூச்சு மட்டும் வந்தது.

யாரோ ஒருவன் பின்னிருந்து பாய்ந்து ஏசுஅடிமையைத் தள்ளினான். நீலத் துணியைக் கண்டு தன் ஊரான் என்று எண்ணி, ததேயுஸைக் கக்கத்தில் பற்றித் தண்ணீர் வரை இழுத்துச் சென்றான். கடல்நீரை அள்ளி முகத்தில் அடித்தான். கருமணல் வழிந்தது. அறுந்த காது தெரிந்தது.

"லேய்," என்றான் ஜேசுதாஸ். பல்லில்லாத வாயில் சொற்கள் காற்றாய்ச் சிதறின. "நீயாலே? எங்க மாதாவக் கழுத்துல போட்டு ஒளிச்சியா?"

ததேயுஸ் எழ முயன்று மீண்டும் நீரில் சரிந்தான்.

"எழும்பு. ஓங்குலே கைய. ஒண்ணு ஓங்கு போதும், ஒனக்க தங்கச்சிக்குப் பெட்டிய நானே சொமந்துட்டு வாறேன்."

அலை வந்து நெஞ்சில் ஏறி இறங்கியது. ததேயுஸ் இடக்கையை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டான். ஜேசுதாஸ் அவன் முகத்தில் மாறி மாறி அறைந்தான், வாயில் மிதித்தான். எஞ்சியிருந்த முன்பல்லும் போயிற்று. அந்தக் கை அசையவில்லை. மூச்சிரைக்க நின்றான் ஜேசுதாஸ். பின்னால் ஓடிவந்த மரியஜான் தம்பியின் தோளைப் பிடித்தான்.

"போதும்லே. அவன் ஓங்கல்ல. நான் கண்டேன்."

"நானும் கண்டேன்," என்று துப்பினான் ஜேசுதாஸ். "சவத்த வைத்தியன்கிட்ட தூக்கு. அவனுக்க தங்கச்சி இங்கயே கெடக்கட்டு."

அமலிக்கரை வைத்தியர் எலும்பு கூட்டிக் கட்டினார். கை கூடியது, நிமிரவில்லை. துடுப்பைப் பிடிக்க இனி அது உதவாது. அந்த வருத்தத்தைக் காட்டிலும் பெரிய வருத்தம் ஊரில் காத்திருந்தது.

"நீலத்தப் போட்டவன அடிச்சேன். அது இவன்னு நான் கண்டனா?" என்று கோயில் முற்றத்தில் ஏசுஅடிமை கேட்டான். "அங்க ஒனக்கு அச்சமா இருந்துச்சுன்னா வீட்டுல கெடக்கணும். பகைக்காரன் துணிய எதுக்குலே கெட்டின?"

தங்கைக்காக என்று ததேயுஸ் சொன்னான். சொன்னதை எவரும் கேட்கவில்லை. குழுவோடு செல்லும் வள்ளத்தில் இனி அவனுக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. உப்பு மீன் காயப்போடும் பெண்களோடு ஒற்றைக்கையால் காகம் விரட்டும் வேலையில் அந்த ஆண்டு கழிந்தது.

அடுத்த மாசியில் வள்ளம் பாட்டோடு புறப்பட்டது. ததேயுஸ் கரைவழியே தனியே நடந்தான். பொழியில் கழுத்தளவு நீரில் இறங்கி, மடங்கிய கையைத் தலைமேல் வைத்துக் கடந்தான். அமலிக்கரையில் கிணற்றுக் கயிறு வழக்கம்போல் காணாமல் போயிருந்தது. லீமா எல்லார் முன்னிலையிலும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தாள். மரியஜான் பார்த்துக்கொண்டு நின்றானே தவிரத் தடுக்கவில்லை. ததேயுஸ் ஒரு வாய் குடித்தான். மீதியை இடுப்பில் வைத்து, நா வறண்டு கிடந்த தன் ஊர்க் குழுவிடம் கொண்டுபோனான். ஏசுஅடிமை குடத்தை வாங்கினான், மணலில் கவிழ்த்தான், வெறுங்குடத்தைத் திருப்பிக் கொடுத்தான். ததேயுஸ் அதைத் தங்கையிடம் சேர்த்துவிட்டு, இரு கூட்டமும் சேராத இடத்தில், வலைவாசலின் பின்னே போய் நின்றான். கழுத்தில் பழைய தவிட்டுநிற உத்தரியம் இருந்தது.

ஆட்டம் முடியும் தறுவாயில் சந்தியாகுதுறையின் பந்து துடுப்புகளின் நடுவே, கயிற்றுக்கு நன்றாய்க் கீழே, ஐயத்துக்கு இடமின்றிப் புகுந்தது. முன்பல்லற்ற வாயால் ததேயுஸ் மகிழ்ச்சியில் அலறினான். இடக்கை தானாகவே மேலே போயிற்று.

கரைமேட்டில் லீமா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஜேசுதாஸ் திரும்பி அந்தக் கையைப் பார்த்தான். விரல்கள் விரிந்திருந்தன. பார்த்துக்கொண்டே நின்றவன், காறித் துப்பிவிட்டுப் பந்தை எடுக்கப் போனான்.