அவள் பேச வேண்டிய வாய்

தூத்துக்குடி ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்கு வெளியே பன்னிரண்டு நாற்காலிகள். அவற்றில் நான்கு உடைந்தவை. காது பார்க்க வந்த எனக்கு ஒருவருக்குப் பக்கத்தில்தான் இடம் கிடைத்தது. உப்பள வெயிலில் கறுத்த நெடிய உடம்பு. புற்றுநோய்க்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்திலிருந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சே. காற்றை விழுங்கி, ஏப்பம்போல வெளியே விட்டு, "அம்மா" என்று ஓயாமல் பழகிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் ஓய்வெடுங்களேன்," என்றேன்.

"எங்க கோயில் கொடைக்கு எட்டு நாள்தான் இருக்கு அண்ணாச்சி." சொற்கள் விட்டுவிட்டு வந்தன. "அந்தக் காலத்துல எங்க குடும்பத்துப் பொண்ணு ஒருத்திய வாயப் பொத்திக் கொன்னுட்டாவ. அவதான் எங்க சாமி. வருசத்துக்கு ஒருக்க எம்மேல வந்து பேசுவா. நான் ஊமையாப் போனாப் போறேன், அவ பேசணும்லா?"

மனசு கேட்காமல் கொடைக்குப் போனேன். மேளம் உச்சத்துக்கு ஏறியதும் அவருக்கு அருள் வந்தது. வாய் அகலத் திறந்தது. கழுத்து ஓட்டையில் காற்று மட்டும் சீறியது. மேளம் நின்றது. கூட்டத்தில் குரல்கள் எழுந்தன.

"ஏலே, சாமி என்னல சொல்லுது?"

"ஒண்ணுஞ் சொல்லல. அடுத்த வருசம் வேற ஆளப் பாருங்கலே."

அது அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். காற்றை வாய்க்குத் திருப்ப நினைத்தாரோ என்னவோ, உள்ளங்கையால் அந்த ஓட்டையை இறுக்கிப் பொத்திக்கொண்டார். கையைப் பிடுங்கி விலக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

மூச்சில்லாமல் பிதுங்கிய அந்தக் கண்களில் இருந்தது அவருடைய பயமா, அவளுடையதா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.